உடம்பின் காசைக் கண்டுபிடித்த சுப்பாராவ்

கண் இமைக்கிறது. இதயம் துடிக்கிறது. கால் நடக்கிறது. இத்தனைக்கும் உடம்பு ஓயாமல் செலவு செய்துகொண்டே இருக்கிறது.

அந்தச் செலவுக்கு ஒரு காசு உண்டு. பணக்காரர் உடம்பானாலும், கூலி வேலை செய்பவர் உடம்பானாலும் காசு ஒன்றுதான். எறும்புக்கும் அதுதான், யானைக்கும் அதுதான். வேப்ப மரத்துக்கும் அதே காசுதான்.

அந்தக் காசின் பெயர் ஏ.டி.பி. முழுப் பெயர் அடினோசின் டிரைபாஸ்பேட்.

இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் நம் நாட்டுக்காரர். கோதாவரிக் கரைப் பக்கத்தில் பிறந்து, சென்னையில் படித்து, அமெரிக்காவில் உழைத்து, அங்கேயே கண்ணை மூடியவர். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு தடவை தவறியவர். மருத்துவக் கல்லூரியில் முழுப் பட்டம் கிடைக்காதவர்.

அவர்தான் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

வீட்டை விட்டு ஓடிய பையன்

1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி பீமவரம் என்ற ஊரில் சுப்பாராவ் பிறந்தார். அப்போது அந்த ஊர் சென்னை ராஜதானியில் இருந்தது. தகப்பனார் ஜகந்நாதம், சர்க்கார் வருவாய் இலாகாவில் வேலை பார்த்தவர். உடல்நலம் கெட்டு வேலையை விட்டார். தாயார் வெங்கம்மா. பிள்ளைகள் ஏழு பேர்.

பெரிய குடும்பம். சின்ன வருமானம். படிப்பில் சுப்பாராவுக்கு அப்போது நாட்டம் இல்லை. பதின்மூன்று வயதில் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். காசிக்குப் போய், யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சம்பாதிப்பது அவர் திட்டம். தாயார் விடவில்லை. ஆளைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்து, மறுபடியும் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார்.

அந்த அம்மாளின் பிடிவாதம் வீண் போகவில்லை. சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாம் தடவை மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரியில் இண்டர்மீடியட் படித்தார்.

ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாகிவிட வேண்டும் என்ற ஆசை அவருக்கு வந்தது. தாயார் சம்மதிக்கவில்லை. வைத்தியம் படித்தாலும் ஏழைகளுக்குத் தொண்டு செய்யலாமே என்று மடத்தில் இருந்தவர்கள் வழி காட்டினார்கள். சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

நண்பர்கள் பணம் கொடுத்து உதவினார்கள். கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்பவரும் உதவினார். அவருடைய மகள் சேஷகிரியை 1919-ல் சுப்பாராவ் மணந்தார்.

கதர் அங்கி

அது காந்தி அடிகளின் அழைப்பு நாடெங்கும் எதிரொலித்த காலம். அன்னியத் துணியை விலக்குங்கள், கதர் கட்டுங்கள் என்று ஊர் ஊராகப் பேச்சு நடந்தது.

சுப்பாராவும் கதர் கட்டினார். வெளியில் மட்டும் அல்ல, அறுவை சிகிச்சைக் கூடத்திலும் கதர் அங்கியைப் போட்டுக்கொண்டு போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை.

பரீட்சை முடிந்தது. எழுதிய தாள்களில் குறை இல்லை. ஆனாலும் எம்.பி.பி.எஸ். பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

சென்னை மருத்துவ சேவையில் சேர முயன்றார். இடம் இல்லை. டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு ஆசிரியராக அமர்ந்தார்.

இதற்கிடையில் வீட்டில் இடி விழுந்தது. ஸ்புரூ என்ற ஒரு நோய். நம் பக்கத்தில் கிராணி என்பார்களே, அந்த வகையைச் சேர்ந்தது. தின்ற சோறு உடம்பில் ஒட்டாது. ஓயாத கழிச்சல். ரத்தம் வற்றி, ஆள் குச்சியாகி விடுவார். அந்த நோய்க்குச் சுப்பாராவின் சகோதரர்கள் இருவர் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்துப் பலியானார்கள். சுப்பாராவையும் அதே நோய் பிடித்தது. லட்சுமிபதியின் வைத்தியத்தில் பிழைத்தார்.

இரண்டு சகோதரர்களைக் கொண்டுபோன நோய்க்கு மேல்நாட்டு மருத்துவத்தில் அன்று மருந்து இல்லை. இது அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. படிக்க வேண்டும், ஆராய வேண்டும் என்ற வெறி பிறந்தது.

மாமனார் பணம் திரட்டினார். காக்கிநாடாவில் இருந்த மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தர்மம் கை கொடுத்தது. 1920-களின் தொடக்கத்தில் சுப்பாராவ் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்.

வீட்டில் இளம் மனைவி கர்ப்பமாக இருந்தார். சீக்கிரம் திரும்பி வருவார் என்பது எல்லோருடைய எண்ணமும். அவர் திரும்பவே இல்லை. பிறந்த ஆண் குழந்தை ஒரு வயதுகூட நிரம்பாமல் இறந்தது. தகப்பன் அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

நீல நிறம் சொன்ன சேதி

பாஸ்டன் நகரில் ஹார்வர்டு சர்வகலாசாலை. அங்கே வெப்ப நாட்டு நோய்கள் பற்றிப் படித்து டிப்ளமோ வாங்கினார். இந்தியாவில் பெற்ற சான்றிதழை வைத்து அங்கே டாக்டர் தொழில் செய்ய முடியாது. வயிற்றுப் பாட்டுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்தார். நோயாளிகளின் மலச்சட்டியைக் கழுவும் வேலை அது. பகலில் படிப்பு.

பிறகு சைரஸ் ஃபிஸ்கே என்ற பேராசிரியரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் என்ற பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வேண்டும். இதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

அப்போது இருந்த முறைகள் மெதுவானவை. தவறும் வரும். சுப்பாராவ் இரவு பகலாக உட்கார்ந்து ஒரு புது வழி கண்டார். பாஸ்பரஸ் உள்ள நீரில் சில மருந்துகளைச் சேர்த்தால் நீல நிறம் வரும். பாஸ்பரஸ் அதிகமானால் நீலமும் ஆழமாகும். நிறத்தின் ஆழத்தை அளந்தால் பாஸ்பரஸின் அளவு தெரிந்துவிடும்.

1925-ல் இது வெளியாயிற்று. ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்று அதற்குப் பெயர். பல பத்தாண்டுகள் உலகம் முழுவதும் ஆராய்ச்சிக் கூடங்களில் இந்த முறை நடந்தது.

அளவுகோல் கைக்கு வந்ததும் அதைத் தசையில் வைத்துப் பார்த்தார்கள். அங்கே ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. தசையில் வெறும் பாஸ்பேட் என்று எல்லோரும் நினைத்திருந்ததில் பெரும் பகுதி வெறும் பாஸ்பேட் அல்ல. இன்னொரு பொருளோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. தசை வேலை செய்தால் பிரிகிறது. ஓய்வு எடுத்தால் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பொருளுக்குப் பாஸ்போகிரியாட்டின் என்று பெயர் வைத்தார்கள். இது 1927-ல் நடந்தது. அதே சமயம் இங்கிலாந்தில் எக்கிள்டன் தம்பதியும் இதைக் கண்டார்கள்.

அதுவரை விஞ்ஞானிகள் நினைத்தது வேறு. தசை சுருங்குவதற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று நம்பினார்கள். தசை பற்றிய ஆராய்ச்சிக்காக ஹில், மேயர்ஹாஃப் என்ற இரண்டு பெரியவர்களுக்கு 1922-ம் ஆண்டின் நோபல் பரிசும் கிடைத்திருந்தது. லாக்டிக் அமிலம் பற்றிய அந்த நம்பிக்கையைச் சுப்பாராவின் நீல நிறம் ஆட்டி வைத்தது.

1929-ல் அடுத்த வெற்றி. அதுதான் ஏ.டி.பி. அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியாக இதைக் கண்டுபிடித்தார்.

பள்ளத்தூர் வீட்டுக் கணக்கு

ஏ.டி.பி. என்றால் என்ன? அதைக் காசு என்று ஏன் சொல்ல வேண்டும்?

காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள பள்ளத்தூரை நினைத்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டு ஊர். வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கலாம்.

அப்படி ஒரு வீட்டில் உள்ளே நெல் குவிந்து கிடக்கிறது. பெட்டகத்தில் நகை இருக்கிறது. ஆனால் வாசலில் கீரைக்காரி நிற்கிறாள். அவளிடம் நெல் மூட்டையைத் தூக்கிக் கொடுக்க முடியுமா? நகையைக் கழற்றிக் கொடுக்க முடியுமா? சில்லறைதான் கொடுக்க வேண்டும்.

நம் உடம்பும் அப்படித்தான். சாப்பிட்ட சோறு சர்க்கரையாக ரத்தத்தில் ஓடுகிறது. கொழுப்பு சேமிப்பாகக் கிடக்கிறது. இவை நெல்லும் நகையும் மாதிரி. தசை சுருங்க வேண்டும் என்றால் இவற்றை நேரே கொடுக்க முடியாது. முதலில் ஏ.டி.பி. என்ற சில்லறையாக மாற்ற வேண்டும்.

ஏ.டி.பி.யில் மூன்று பாஸ்பேட்கள் வரிசையாக இருக்கின்றன. கடைசிப் பாஸ்பேட் கழன்றால் சக்தி வெளிப்படுகிறது. தசை அதை வாங்கிக்கொண்டு சுருங்குகிறது. கழன்ற இடத்தில் மறுபடி ஒரு பாஸ்பேட்டை ஒட்ட வைத்தால் காசு மீண்டும் செல்லும் காசாகிவிடும்.

அப்படியானால் பாஸ்போகிரியாட்டின் எதற்கு? அது மடியில் முடிந்து வைத்த கைச்செலவுப் பணம். திடீரென்று ஓடவேண்டி வந்தால், முதல் சில விநாடிகளுக்கு அதுதான் கை கொடுக்கும். அதற்குள் உள்ளே இருந்து நெல் விற்ற பணம் வந்துவிடும்.

உடம்பில் எந்த நேரத்திலும் இருக்கும் ஏ.டி.பி. மிகக் கொஞ்சம். ஆனால் அது ஓயாமல் செலவாகி ஓயாமல் திரும்புகிறது. ஒரு நாளில் கைமாறும் ஏ.டி.பி.யை எல்லாம் சேர்த்து நிறுத்தால், ஏறத்தாழ ஒரு மனிதனின் எடை வரும்!

சிவப்பணுவின் சிக்கனம்

இந்தக் காசைச் சம்பாதிப்பதில் எல்லா உயிரணுக்களும் ஒரே மாதிரி அல்ல. ரத்தத்தில் உள்ள சிவப்பணுவின் கதை விசித்திரமானது.

ஒரு மனிதனின் ரத்தத்தில் ஏறத்தாழ 25 லட்சம் கோடி சிவப்பணுக்கள் இருக்கின்றன. நுரையீரலில் பிராணவாயுவை ஏற்றிக்கொண்டு, உடம்பின் மூலை முடுக்குகளுக்குக் கொண்டுபோய் இறக்குவது இவற்றின் வேலை.

மற்ற அணுக்கள் பிராணவாயுவைக் கொண்டு சர்க்கரையை முழுதாக எரிக்கின்றன. ஒரு சர்க்கரைத் துகளுக்கு முப்பது ஏ.டி.பி. அளவுக்குக் கிடைக்கும். சிவப்பணுவில் அதற்கான அடுப்பு இல்லை. சர்க்கரையைப் பாதியிலே உடைத்து, மொத்தம் இரண்டே இரண்டு ஏ.டி.பி.தான் அது சம்பாதிக்கிறது.

ஊருக்கெல்லாம் பிராணவாயு சுமக்கிறது. தனக்கென்று ஒரு துளி எடுத்துக்கொள்வது இல்லை!

அந்த இரண்டு காசில்தான் அது ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. உள்ளே புகும் உப்பை வெளியே தள்ள அந்தக் காசு வேண்டும். உடம்பு வளைந்து கொடுக்கவும் அதே காசு வேண்டும். மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள் சிவப்பணுவைவிடக் குறுகலானவை. சிவப்பணு மடிந்து, நெளிந்துதான் அவற்றில் நுழைய வேண்டும். ஏ.டி.பி. வற்றினால் அது விறைத்துப்போகும். குறுகிய சந்தில் நுழைய முடியாது.

ரத்த வங்கிகளில் இது நன்றாகத் தெரியும். குளிரில் வைத்த ரத்தத்தில் நாளுக்கு நாள் ஏ.டி.பி. குறைந்துகொண்டு வரும். அதற்காகத்தான் ரத்தப் பையில் சர்க்கரையும், ஏ.டி.பி.யின் ஒரு பகுதியான அடினைனும் சேர்க்கிறார்கள். அதனால் 35 நாள் வரையில், சில கரைசல்களில் 42 நாள் வரையில் ரத்தத்தை வைத்திருக்க முடிகிறது.

இன்னொரு சேதியும் பிற்கால ஆராய்ச்சியில் வெளிவந்தது. பிராணவாயு குறைந்த இடத்துக்குப் போகும் சிவப்பணு, தன் கைக்காசில் கொஞ்சத்தை வெளியே விடுகிறது. ரத்தக் குழாயின் உட்சுவர் அதை உணர்ந்து குழாயை விரியச் செய்கிறது. அங்கே அதிக ரத்தம் பாய்கிறது.

நடந்தால் வலி, நின்றால் சுகம்

இப்போது ஒரு நோயைப் பார்ப்போம்.

பள்ளத்தூர்த் தெருவில் ஒரு பெரியவர் நடந்து போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நூறு அடி வரை ஒன்றும் இல்லை. பிறகு கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கிறது. நிற்கிறார். இரண்டு மூன்று நிமிஷத்தில் வலி போய்விடுகிறது. மறுபடி நடக்கிறார். அதே தூரத்தில் அதே வலி.

வயதாகிவிட்டது, வாயுப் பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொள்வார்கள். ஆனால் இது காலுக்குப் போகும் ரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். குழாயின் உள்ளே கொழுப்புப் படிந்து வழி குறுகிவிடுகிறது. உலகத்தில் 20 கோடி பேருக்கு மேல் இந்த நோய் இருக்கிறது.

உட்கார்ந்திருக்கும்போது தசைக்குச் செலவு குறைவு. வருகிற ரத்தம் போதும். நடக்கத் தொடங்கினால் செலவு பல மடங்கு கூடுகிறது. குறுகிய குழாய் வழியாக அவ்வளவு ரத்தம் வர முடியாது. பிராணவாயு போதாது. மடியில் இருந்த பாஸ்போகிரியாட்டின் கரைகிறது. புதுக் காசு வருவது தாமதமாகிறது. தசை வலியால் கதறுகிறது. நின்றதும் செலவு குறைகிறது, கடன் அடைகிறது, வலி தீர்கிறது.

சுப்பாராவ் தசையை வெட்டி எடுத்துத்தான் பாஸ்பரஸை அளந்தார். இன்று வலிமையான காந்தக் கருவிக்குள் காலை வைத்து, ஒரு கீறலும் இல்லாமல் அதே பாஸ்பரஸைப் பார்க்கிறார்கள். நடையை நிறுத்திய பிறகு, நல்ல காலில் பாஸ்போகிரியாட்டின் விரைவில் நிரம்புகிறது. அடைப்பு உள்ள காலில் நிரம்ப அதிக நேரம் ஆகிறது.

வீட்டில் உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. பீடி, சுருட்டு, சிகரெட் இந்த நோய்க்கு முதல் காரணம். சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, ரத்தத்தில் கொழுப்பு ஆகியவை அடுத்தவை.

கண்டுபிடிப்பது எளிது. கையில் ரத்த அழுத்தம் பார்ப்பதுபோல் கணுக்காலிலும் பார்ப்பார்கள். கால் அழுத்தம் கை அழுத்தத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கீழே இருந்தால் அடைப்பு உண்டு என்று அர்த்தம். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு வேறு சோதனையும் தேவைப்படலாம்.

வைத்தியத்தில் முதலாவது புகையை விடுவது. டாக்டர் தரும் மருந்துகளை ஒழுங்காகச் சாப்பிடுவது அடுத்தது. மூன்றாவது வைத்தியம் பலருக்கு வியப்பாக இருக்கும். அது நடை! டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, வலி வரும்வரை நடந்து, நின்று, வலி தீர்ந்ததும் மறுபடி நடக்க வேண்டும். வாரத்துக்கு 3 நாளாவது, 30 முதல் 45 நிமிஷம், குறைந்தது 12 வாரம். நடக்கக்கூடிய தூரம் கூடும்.

ஆனால் ஓய்வில் இருக்கும்போதும் கால் வலித்தாலோ, காலில் புண் ஆறாமல் இருந்தாலோ, விரல் கறுத்தாலோ தாமதிக்கக் கூடாது. கால் திடீரென்று வெளுத்துச் சில்லிட்டுப் போனால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாமதித்தால் காலையே இழக்க நேரிடும்.

சகோதரர்களைக் கொன்ற நோய்க்கு மருந்து

சுப்பாராவின் கதைக்குத் திரும்புவோம்.

1930-ல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றார். ஏ.டி.பி. கண்டவர் என்ற பெருமை உண்டு. ஆனால் நிலையான பதவி கிடைக்கவில்லை. கட்டுரைகளில் ஃபிஸ்கேயின் பெயர் முதலில் இருந்தது. சுப்பாராவின் பெயர் இரண்டாவதாக இருந்தது. அதற்காக அவர் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை.

1940-ல் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். சீக்கிரமே அதன் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவரானார். கடைசி எட்டு ஆண்டுகளில் அங்கே அவர் நடத்திய வேலை மலைக்க வைக்கிறது.

முதலில் ஃபோலிக் அமிலம். ரத்த அணு உருவாக இந்தச் சத்து வேண்டும். இதன் கதை நம் நாட்டிலும் தொடங்குகிறது. பம்பாய் ஆலைத் தொழிலாளிப் பெண்கள் கர்ப்ப காலத்தில் ரத்தம் வற்றி வெளுத்துப்போனார்கள். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர் அவர்களுக்கு ஈஸ்ட் சாறு கொடுத்துக் குணப்படுத்தினார். 1931-ல் அதை எழுதி வெளியிட்டார். அந்தச் சாற்றில் இருந்த சத்து எது? சுப்பாராவின் கூட்டத்தார் 1945-ல் அதைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டினார்கள். அதுதான் ஃபோலிக் அமிலம்.

ஸ்புரூ நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். சோகை தீர்ந்தது. உடம்பு தேறியது. ஆம், சுப்பாராவின் இரண்டு சகோதரர்களைக் கொண்டுபோன அதே ஸ்புரூ!

அவருடைய தலைமையில் அதே கூடத்தில் முதியவர் பெஞ்சமின் டக்கர் மண்ணில் இருந்து ஆரியோமைசின் என்ற கிருமி நாசினியைப் பிரித்தார். 1948-ல் அது வெளி உலகுக்கு வந்தது. டெட்ராசைக்ளின் என்ற மருந்துக் குடும்பத்தில் முதல் பிள்ளை அதுதான். ஸ்புரூவுக்கு டாக்டர்கள் கொடுப்பது ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும்தான். ஒன்றும் அவர் கூடத்தில் உருவானது. மற்றதன் மூத்த மருந்தும் அவர் கூடத்தில் பிறந்தது.

அடுத்தது யானைக்கால். கும்பகோணம் போன்ற ஊர்களை வாட்டிய நோய். 1947-ல் ஹெட்ரசான் என்ற மருந்து வந்தது. அரசாங்கம் வீடு வீடாக வழங்கிய டி.இ.சி. மாத்திரை அதுவே.

இன்னொன்று ரத்தப் புற்று. ஃபோலிக் அமிலம் ரத்த அணுக்களை வளர்க்கிறது. அதற்கு எதிர்ப்பொருள் கொடுத்தால் புற்று அணுக்களின் வளர்ச்சியைத் தடுக்கலாம் அல்லவா? அப்படி அமினோப்டெரின் என்ற பொருளைச் செய்து, பாஸ்டன் டாக்டர் சிட்னி ஃபார்பரிடம் கொடுத்தார்கள். அவர் 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948 ஜூன் மாதம் உலகம் அதை அறிந்தது. அந்த நாள்வரை ரத்தப் புற்று வந்த குழந்தை என்றால் பெற்றோர் அழுவதைத் தவிர வேறு வழி இல்லாமல் இருந்தது. அதன் தம்பி மருந்தான மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டு வாதத்துக்கும் பயன்படுகிறது.

உறக்கத்தில் முடிந்த உயிர்

ஃபார்பரின் சேதி வெளியாகி இரண்டு மாதம்தான் ஆயிற்று. 1948 ஆகஸ்ட் மாதம், பேர்ல் ரிவரில் சுப்பாராவ் தூங்கியபடியே இறந்து கிடந்தார். இதயம் நின்றுவிட்டது. வயது 53.

நாடு விடுதலை அடைந்து ஒரு வருஷம்கூட நிறையவில்லை. கதர் அங்கிக்காகப் பட்டத்தை இழந்தவர், சுதந்திர இந்தியாவின் மண்ணை மிதிக்கவே இல்லை. 1946-ல் அமெரிக்கச் சட்டம் மாறி, இந்தியர்களும் குடியுரிமை பெறலாம் என்று ஆயிற்று. அவர் அதைப் பெறாமலே காலமானார்.

நோபல் பரிசு வரவில்லை. சொத்து சேர்க்கவில்லை. தம் பெயரைப் பத்திரிகையில் போட்டுக்கொள்வதில் விருப்பம் இல்லாதவர். அதனால் அவர் மருந்தால் பிழைத்தவர்களிலும் பெரும்பாலோருக்கு அவர் பெயர் தெரியாது.

ஒரு பூஞ்சைக்கு அவர் பெயரால் சுப்பாரோமைசிஸ் என்று விஞ்ஞானிகள் பெயர் வைத்தார்கள். 1995-ல், அவர் பிறந்த நூற்றாண்டில், இந்திய அரசு அவர் படம் போட்ட தபால்தலை வெளியிட்டது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிப் பெண்களுக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். அதில் ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருக்கிறது. வயிற்றில் குழந்தையைச் சுமந்த மனைவியை விட்டுக் கடல் கடந்து, அந்தக் குழந்தையின் முகத்தையும் பாராமல் போன ஒரு மனிதரின் உழைப்பு அந்தச் சிறிய மாத்திரையில் இருக்கிறது. பள்ளத்தூரானாலும் பாஸ்டனானாலும், அதை விழுங்கும் ஒவ்வொரு தாயின் ரத்தத்திலும் அது சேர்கிறது.